நாடக மேடையில் வீடியோ: சிறு குழுக்களுக்கான குறைந்த செலவு வழிகாட்டி

நாடக மேடையில் ஓடும் படத்தைக் காட்டுவது புதிய முயற்சியன்று. 1925-இல் பெர்லினில் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் தம் அரசியல் நாடகத்தில் போர்க்காலப் படச்சுருள்களை நடிகர்களோடு சேர்த்து ஓட்டினார். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆல்ஃப்ரெட் ரடோக்கும் யோசெஃப் ஸ்வோபோதாவும், திரையில் தெரியும் உருவமும் மேடையில் நிற்கும் ஆளும் ஒன்றோடொன்று உறவாடும்படி 'லாத்தெர்னா மாகிகா' என்னும் மேடை நிகழ்ச்சியை அமைத்தார்கள். அவர்கள் பெரும் பொருட்செலவில் செய்தவற்றில் ஒரு பகுதியை இன்று ஒரு மடிக்கணினி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி ஆகியவற்றைக் கொண்டு ஒரு கல்லூரி நாடகக் குழுவோ ஊர்த் திருவிழாவில் நாடகம் போடும் மன்றமோ செய்துவிட முடியும். அதற்கான வழியை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

படத்தின் அளவைத் தீர்மானித்தல்

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பின்திரை முழுவதையும் படத்தால் நிரப்ப விரும்புகிறார்கள். குறைந்த செலவில் வேலை செய்யும்போது விட்டுவிட வேண்டிய முதல் ஆசை அதுதான். புரொஜெக்டர் தரும் ஒளி ஒரு குறிப்பிட்ட அளவே. அதை எவ்வளவு பரப்பில் விரிக்கிறோமோ அவ்வளவுக்கு மங்கும். 3000 லூமென் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) திறனுள்ள புரொஜெக்டர் 4 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் உள்ள படத்தைக் காட்டினால், 9 சதுர மீட்டரில் ஒளி பரவி, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 333 லூமென்தான் கிடைக்கும். அதே புரொஜெக்டரை 2 மீட்டர் அகலப் படத்துக்குக் குறுக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகி, வெளிச்சம் நான்கு மடங்காகும். நடிகரின் முகத்தைக் காட்ட எரியும் மேடை விளக்குகளோடு போட்டியிட அந்த நான்கு மடங்கு தேவை.

எனவே நாடகப் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, படம் எங்கெங்கே வரவேண்டும், அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். இறந்துபோன தந்தையின் முகம் தெரிய வேண்டுமென்றால் அது ஒரு கதவின் மேற்பாதியில் தெரிந்தால் போதும். ரயில் ஓடுவதைக் காட்ட ஒரு சன்னல் போதும். கடிதத்தின் வரிகள் பாத்திரம் அணிந்திருக்கும் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஓடலாம்; விரித்த குடையிலும் டிரங்குப் பெட்டியின் திறந்த மூடியிலும் படம் நன்றாக விழும். பெரிய திரையைக் கண்டதும் பார்வையாளரின் கண் திரைப்படம் பார்க்கும் பழக்கத்துக்குப் போய்விடுகிறது; அதன்முன் நிற்கும் உயிருள்ள நடிகர் சிறுத்துப்போகிறார். சிறிய பரப்பில் விழும் படமோ நடிகரின் கைக்கெட்டும் பொருளாக இருப்பதால், அவர் அதோடு நடிக்க முடிகிறது.

புரொஜெக்டர்

முதல் நாடகத்துக்குப் புரொஜெக்டர் வாங்க வேண்டாம். திருமண வீடியோ எடுப்பவர்களிடமும் ஒலி-ஒளி வாடகைக் கடைகளிலும் அது நாள் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் கல்லூரியின் கருத்தரங்க அறையில் சும்மாவே இருக்கவும் கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, எத்தனை 'அன்சி (ANSI) லூமென்' என்பது; அமெரிக்கத் தர நிறுவனத்தின் முறைப்படி அளந்த வெளிச்சம் அது. இணைய விற்பனைத் தளங்களில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டிமேல் பத்தாயிரம் லூமென் என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். அன்சி முறையில் அளந்தால் அவற்றில் பல சில நூறு லூமெனைத் தாண்டுவதில்லை. முழு இருட்டில், முக்கால் மீட்டர் அகலப் படத்துக்கு அவை உதவும். விளக்கெரியும் மேடைக்கு உதவா. சிறு அரங்குக்கு 3000 அன்சி லூமென் நல்ல தொடக்கம்.

இரண்டாவது, வீச்சு விகிதம். படத்துக்கும் புரொஜெக்டருக்கும் இடையிலான தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது இது. விகிதம் 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டரும், 4 மீட்டர் அகலத்துக்கு 6 மீட்டரும் தள்ளி வைக்க வேண்டும். விகிதம் ஒன்றுக்குக் குறைவான குறுவீச்சுப் புரொஜெக்டர்களைச் சில பள்ளி வகுப்பறைகளில் பார்க்கலாம். ஆழமில்லாத மேடைக்கு அவை மிகவும் பயன்படும். மூன்றாவது, அதன் இயல்பான படப்புள்ளி அளவு (நேட்டிவ் ரெசல்யூஷன்). 1280-க்கு 800 இருந்தாலே நாடகத்துக்குப் போதுமானது. கூடுதல் பணம் இருந்தால் அதைப் புள்ளிகளுக்குச் செலவிடாமல் வெளிச்சத்துக்குச் செலவிடுங்கள்.

வாடகைக்கு எடுத்ததும் மெனுவில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். சிக்னல் இல்லாதபோது தோன்றும் நீலத் திரையைக் கறுப்பாக மாற்றுங்கள். தானாக அணைந்துபோகும் வசதி, தானாக உள்ளீட்டைத் தேடும் வசதி, திரையில் செய்தி காட்டும் வசதி ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள். மரணக் காட்சியின் நடுவே 'உள்ளீடு இல்லை' என்ற பெட்டி தோன்றினால் அந்தக் காட்சியை மீட்க முடியாது.

எங்கே வைப்பது

முன்னாலிருந்து வீசினால் நடிகரின் நிழல் விழும். பின்னாலிருந்து வீசினால் இடம் வேண்டும். பெரும்பாலான சிறு மேடைகளில் பின்னால் அவ்வளவு இடம் இருப்பதில்லை என்பதால், முன்பக்கம் உயரத்தில் கட்டுவதே வழக்கமான தீர்வு. நிழல் விழுமா என்பதைக் கட்டும் முன்பே கணக்கிட்டுவிடலாம். புரொஜெக்டர் மேடைத் தளத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில், திரையிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. படத்தின் கீழ் விளிம்பு தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அந்தக் கீழ் விளிம்புக்குப் போகும் ஒளிக்கதிர், திரைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் 1.75 மீட்டர் உயரத்தில் கடக்கும். ஆகவே சராசரி உயரமுள்ள நடிகர் திரைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நின்றால் நிழல் விழாது. அதற்குள்ளே போனால் விழும். அந்த எல்லையை மேடைத் தரையில் வண்ண டேப்பால் ஒட்டிவிட்டால் நடிகர்கள் ஒரே ஒத்திகையில் பழகிவிடுவார்கள்.

உயரத்தில் கட்டும்போது புரொஜெக்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மெனுவில் கூரை நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிமிர்ந்திருக்கும் புரொஜெக்டர் தன் லென்சுக்கு மேலே படத்தை வீசுவதுபோல, தலைகீழான புரொஜெக்டர் லென்சுக்குக் கீழே வீசும். அதனால் அதிகம் சாய்க்கத் தேவையிருக்காது. சாய்த்தால் படம் ஒரு பக்கம் அகன்று சரிவகமாகும். அதைச் சீராக்கும் 'கீஸ்டோன்' வசதி படப்புள்ளிகளில் ஒரு பகுதியை வீணாக்கும். அணைந்துபோன அந்தப் பகுதியும் மங்கிய சாம்பல் விளிம்பாகத் திரையில் தெரியும். ஆதலால் முதலில் புரொஜெக்டரின் இடத்தைச் சரிசெய்து, மீதமிருப்பதை மட்டும் கீஸ்டோனிடம் விடுங்கள். தலைக்கு மேலே தொங்கும் எதற்கும் கட்டுக் கம்பியைத் தவிர ஓர் இரும்புச் சங்கிலியும் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பின்னாலிருந்து வீச இடம் கிடைத்தால் அதன் அழகே தனி. நடிகர் திரையைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம், நிழல் கிடையாது. மெனுவில் பின்வீச்சு நிலையைத் தேர்ந்தெடுத்தால் இடவலம் மாறாமல் படம் தெரியும்.

திரை

பின்வீச்சுக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தி வேட்டி நன்றாகவே வேலை செய்யும். தோல்பாவைக் கூத்துக்காரர்கள் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கேற்றி நடத்திவருவதும் இதே முறைதான். எட்டு முழ வேட்டி ஏறத்தாழ மூன்றரை முதல் 4 மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் இருக்கும். அதை நெடுக்காகத் தொங்கவிட்டால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிய ஒடுங்கிய திரை கிடைக்கும். இரண்டைச் சேர்த்துத் தைத்தால் தையல் கோடு படத்தில் தெரியும் என்பதால், ஒற்றை வேட்டிக்கு ஏற்ற படத்தையே வடிவமைப்பது நல்லது. கரையை மடித்துத் தைத்து, கீழே ஒரு பைபோல் விட்டு, அதற்குள் பிவிசி குழாயைச் செருகுங்கள். குழாயின் எடையில் துணி விறைப்பாக நிற்கும். தொங்கவிட்ட பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து உலரவிட்டால் மடிப்புச் சுருக்கங்கள் பெரும்பாலும் போய்விடும்.

மெல்லிய துணியில் ஒரு சிக்கல் உண்டு. பின்னாலிருக்கும் லென்ஸ், நெசவின் இடைவெளி வழியே பார்வையாளரின் கண்ணில் ஒரு சூடான வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். லென்சையும் முதல் வரிசையில் அமர்ந்தவரின் கண்ணையும் இணைக்கும் நேர்கோடு திரையின் வழியே போகாதபடி புரொஜெக்டரை மிக உயரத்திலோ தரையோடு ஒட்டியோ வையுங்கள். அப்படியும் புள்ளி தெரிந்தால் துணியை இரட்டையாகப் போட்டுப் பாருங்கள். படம் சற்று மங்கினாலும் புள்ளி அடங்கிவிடும்.

முன்வீச்சுக்கு ஒளி ஊடுருவாத துணி வேண்டும். பளபளப்பற்ற வெளிர் சாம்பல் நிறம் தூய வெள்ளையைவிடப் பலமுறை நன்றாக அமையும். மேடை விளக்கிலிருந்து சிதறிவரும் வெளிச்சத்தை அது குறைவாகத் திருப்புவதால் படத்தின் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். கொசுவலையையும் மறந்துவிட வேண்டாம். மேடையின் நடுவே கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வலையைக் கட்டி, பக்கவாட்டிலிருந்து வீசினால் படம் வெற்றிடத்தில் மிதப்பதுபோல் தெரியும். வலைக்குப் பின்னாலிருக்கும் விளக்கை ஏற்றினால் அங்கே நிற்கும் நடிகர் படத்தினூடே தோன்றுவார். வலையைக் கடந்துபோகும் ஒளி எங்கே விழுகிறது என்பதை மட்டும் கவனித்து, அந்த இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

விளக்குகளோடு உடன்பாடு

படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லும் குழுக்களில் பலவற்றுக்கு வேறு புரொஜெக்டர் தேவைப்படுவதில்லை. விளக்கைத் திருப்பினாலே போதும். ஒளியமைப்பாளரை முதல் கூட்டத்திலேயே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். முன்னாலிருந்து நேராக அடிக்கும் விளக்கு நடிகரைத் தாண்டித் திரையில்தான் போய் விழும். அதைக் குறைத்து, பக்கத் தட்டிகளுக்கு இடையிலிருந்து குறுக்காகவும் தலைக்கு மேலிருந்து செங்குத்தாகவும் ஒளி தந்தால் நடிகர் தெளிவாகத் தெரிவார். திரை இருட்டாகவே இருக்கும். மேலிருந்து வரும் ஒளி தரையில் பட்டுத் திரைக்கு ஏறும் என்பதால் வெளிர் நிறத் தரை இருந்தால் திரைக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்துவிடுங்கள். ஹாலோஜன் விளக்கின் ஒளி மஞ்சளாகவும் புரொஜெக்டரின் ஒளி நீலமாகவும் இருப்பதால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும். புரொஜெக்டரின் நிறநிலையை 'சினிமா'வுக்கு மாற்றினால் இடைவெளி குறையும், சற்று வெளிச்சமும் குறையும்.

திறந்தவெளி மேடையில் நன்றாக இருட்டிய பிறகுதான் படத்துக்கு உயிர் வரும். நாடகம் ஆறு மணிக்குத் தொடங்குமானால், இருட்டும் வரை வரும் காட்சிகளில் படமே வைக்காதீர்கள்.

படக் கோப்புகளைத் தயாரித்தல்

இருபது நிமிடக் காட்சிக்கு இருபது நிமிட வீடியோ ஒன்றைத் தயாரித்து ஓடவிடுவதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் பெருந்தவறு. நடிகர் ஒருநாள் ஒரு வசனத்தில் கூடுதலாக நிற்பார். அரங்கம் கைதட்டினால் காத்திருப்பார். படம் காத்திருக்காது. மேடையில் நடிகருக்குப் பின்னால் படம் வரவேண்டுமே அன்றி, படத்தைத் துரத்திக்கொண்டு நடிகர் ஓடக் கூடாது. ஆகையால் வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நிகழ்வோடு தொடங்கி, எவ்வளவு நேரமானாலும் நிறுத்திவைக்கக் கூடிய நிலையில் முடியட்டும்: அசையாத ஒரு சட்டகம் (ஃபிரேம்), அல்லது மழை, அலை, புகை போலத் தொடக்கமும் முடிவும் தெரியாமல் சுழலக் கூடிய ஒன்று.

பின்னணியை எப்போதும் கறுப்பாக வைத்து, படத்தின் விளிம்புகளை மெல்லக் கறுப்பில் கரையவிட்டால், மேடையில் செவ்வகம் தெரியாது. உருவம் மட்டும் தெரியும். நுணுக்கமான சாம்பல் நிறங்கள் மேடை வெளிச்சத்தில் கரைந்துவிடும் என்பதால் ஒளி-நிழல் வேறுபாட்டைச் சற்று மிகையாகவே கூட்டிவையுங்கள். கோப்புகள் அனைத்தும் ஒரே அளவிலும் ஒரே சட்டக வேகத்திலும் எம்பி4 வடிவில் இருக்கட்டும். படம் எடுக்க உங்கள் கைபேசியே போதும். அதைக் கையில் பிடிக்காமல் முக்காலியில் (டிரைபாட்) வைத்து எடுங்கள். கோப்புகள் அனைத்தும் மடிக்கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். இணையத்திலிருந்து நேரடியாக எதையும் ஓட்டாதீர்கள்.

ஓட்டுவதற்கான மென்பொருள்

பத்துக்கும் குறைவான படங்கள் என்றால் லிப்ரேஆபிஸ் இம்பிரெஸோ பவர்பாயின்டோ போதும். ஒவ்வொரு ஸ்லைடின் பின்னணியும் கறுப்பு. இரண்டு படங்களுக்கு இடையே ஒரு வெறும் கறுப்பு ஸ்லைடு. அடுத்ததற்குப் போக ஒரே ஒரு விசை. விஎல்சி என்னும் வீடியோ பிளேயரில் ஓட்டினால், வீடியோ தொடங்கும்போது கோப்பின் பெயர் திரையில் சில நொடிகள் தோன்றும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிட வேண்டும்.

அதற்கு அடுத்த படி, காட்சிகளை மாற்றிமாற்றித் திரைக்கு அனுப்ப உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள். புரொஜெக்டரை இணைத்துவிட்டு, விண்டோஸில் திரையை நகலெடுக்காமல் நீட்டிக்கும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் திரையின் பின்படம் முழுக் கறுப்பாகவும் அதில் எந்த ஐகானும் இல்லாமலும் இருக்கட்டும். ஓபிஎஸ்ஸில் முதலில் எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் காட்சியை உருவாக்கி அதற்குக் 'கறுப்பு' என்று பெயரிடுங்கள். பிறகு ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு காட்சி. பெயரில் பிரதியிலுள்ள எண்ணும் சொல்லும் இருக்கட்டும்: '07 ரயில்', '08 கறுப்பு', '09 கடிதம்'. காட்சி மாற்றத்துக்கு ஒரு நொடி கரைவு. இறுதியில், ஓபிஎஸ்ஸின் 'புரோகிராம்' வெளியீட்டை, அதிலுள்ள 'முழுத்திரைப் புரொஜெக்டர்' என்னும் வசதியால் இரண்டாம் திரைக்கு அனுப்புங்கள். வீடியோவின் ஒலி ஒலிபெருக்கிக்கு வரவில்லையென்றால் பதற வேண்டாம். ஒலிக்கான மேம்பட்ட அமைப்புகளில் கண்காணிப்பையும் வெளியீட்டையும் சேர்த்து இயக்கினால் வந்துவிடும். மேக் கணினி உள்ளவர்கள் நாடகத்துக்கென்றே உருவான க்யூலேப் மென்பொருளைப் பார்க்கலாம். அடிப்படை வீடியோ ஓட்டத்துக்கு அதன் இலவசப் பதிப்பே போதும்.

கதவு, குடை, பெட்டி போன்ற ஒழுங்கற்ற பரப்பில் படம் விழவேண்டுமென்றால், விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமலே ஒரு முகமூடி செய்துகொள்ளலாம். புரொஜெக்டரும் பொருளும் தத்தம் இடத்தில் இருக்கும்போது, இங்க்ஸ்கேப் போன்ற ஒரு வரைகலை மென்பொருளை இரண்டாம் திரையில் முழுத்திரையாகத் திறந்து வெள்ளைப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒருவர் மேடையில் பொருளின் அருகே நிற்க, மற்றவர் சுட்டியை நகர்த்தி, குறி பொருளின் விளிம்பைத் தொடும் இடங்களிலெல்லாம் சொடுக்கிக்கொண்டே போய் உருவரையை மூடுங்கள். அதற்கு வெளியே கறுப்பையும் உள்ளே வெறுமையையும் வைத்து, பின்புலம் ஊடுருவும் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, ஓபிஎஸ்ஸில் எல்லா வீடியோவுக்கும் மேலே அடுக்கிவிடுங்கள். ஒளி குடையின் கம்பி நுனி வரை சென்று, ஒரு விரற்கடைகூட வெளியே சிந்தாமல் நிற்பதைப் பார்க்கும்போது, இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை என்பதை நம்புவது கடினம். புரொஜெக்டர் சிறிது நகர்ந்தாலும் வேலை கெடும். அதன் கால்கள், பொருளின் கால்கள் இரண்டையும் டேப்பால் குறித்துவையுங்கள்.

கறுப்பு உண்மையில் கறுப்பன்று

புரொஜெக்டருக்குக் கறுப்புப் படத்தை அனுப்பினாலும் ஒரு மங்கிய சாம்பல் செவ்வகம் திரையில் நிற்கும். மேடை முழுவதும் இருட்டாகும் தருணத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். சில புரொஜெக்டர்களில் லென்சை மூடும் சறுக்குக் கதவு இருக்கும். இல்லையென்றால் கறுப்பு அட்டை ஒன்றை லென்சுக்கு ஒரு சாண் முன்னால் கீல் வைத்துத் தொங்கவிட்டு, இயக்குபவரின் கை வரை ஒரு நூலை இழுத்துவிடுங்கள். அட்டை லென்சோடு ஒட்டினால் சூடேறும். ஆகவே அந்த ஒரு சாண் இடைவெளி கட்டாயம். படம் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அட்டை விலக வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் தனி வரியாக எழுதுங்கள்.

ஓஹெச்பி என்னும் புதையல்

பல கல்லூரிகளின் பொருள் அறையில் பழைய ஓஹெச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) கருவி தூசியோடு கிடக்கும். கணினியே தேவைப்படாத இந்தக் கருவி, நேரடி நாடகத்துக்கு எந்த மென்பொருளையும்விட இசைந்து போகும் என்பது என் உறுதியான கருத்து. ஒளிபுகும் தாளில் ஒருவர் உட்கார்ந்து வரைய வரையத் திரையில் ஊர் உருவாகும். கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு மையை விட்டால், நடிகரின் மூச்சுக்கு ஏற்ப விரியும் மேகம் கிடைக்கும். தட்டு நிலையாக இருக்க வேண்டும், மின்கம்பிகள் மேசைக்குக் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும். மணல், இலை, கத்தரித்த தாள் எல்லாமே படமாகும். மாற்று பல்பு ஒன்றை முன்கூட்டியே தேடிவையுங்கள். இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

ஒத்திகையும் நாடக நாளும்

வீடியோ இயக்குபவர் மேடையை நேரில் பார்க்கும் இடத்தில் உட்கார வேண்டும். எனவே கேபிள் நீளும். சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிளைப் 10 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல், நெட்வொர்க் கேபிள் வழியே சிக்னலைக் கொண்டுசெல்லும் ஒரு சோடி நீட்டிப்புப் பெட்டிகளை வாடகைக்கு எடுங்கள். நடைபாதையைக் கடக்கும் கேபிளை முழுநீளமும் டேப்பால் ஒட்டுங்கள்.

மின்சாரம் ஒரு நொடி போய் ஜெனரேட்டருக்கு மாறினாலும், பல்பு உள்ள புரொஜெக்டர் குளிர்ந்து மீண்டும் எரியச் சில நிமிடங்கள் ஆகும். பல புரொஜெக்டர்கள் 250 முதல் 350 வாட் வரை இழுப்பதால், 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்றைப் புரொஜெக்டருக்கென்றே ஒதுக்குங்கள்.

ஒத்திகையில் ஒரு முழுப் பொழுதை வீடியோவுக்கு மட்டும் வையுங்கள். வசனங்களையெல்லாம் பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய இரண்டு வரிகளிலிருந்து தொடங்கி, மாற்றம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடலாம். பிரதியின் ஓரத்தில் எந்தச் சொல்லில், யாருடைய எந்த அசைவில் விசையை அழுத்த வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். பேனா வேண்டாம், ஏனெனில் அது நிச்சயம் மாறும். படம் வராமல் போனால் நடிகர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வராத படத்துக்காக நின்றுவிடாமல் தொடர்ந்து நடிக்க அது அவர்களுக்குத் துணிவு தரும்.

நாடக நாளன்று மடிக்கணினியின் இணையத்தை அணைத்து, அறிவிப்புகள், உறக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் நிறுத்தி, மின்னூட்டியைச் செருகிவிடுங்கள். எல்லாக் கோப்புகளின் நகலும் உள்ள இரண்டாம் மடிக்கணினி ஒன்று, மாற்று கேபிள் ஒன்று, உங்கள் கணினிக்கு ஏற்ற இணைப்பான் ஒன்று ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அரங்கக் கதவு திறக்கும் முன் எல்லாப் படங்களையும் வரிசையாக ஒருமுறை ஓட்டி, கடைசியில் 'கறுப்பு' காட்சிக்குத் திரும்பி, அட்டையை மூடிவையுங்கள். நாடகம் முடிந்ததும் புரொஜெக்டரை அதன் பொத்தானால் அணைத்து, விசிறி தானாக நிற்கும் வரை யாரையும் மின்கம்பியைப் பிடுங்க விடாதீர்கள். அதுவரை கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கலாம்.